முன்னும் பின்னும் ஒன்றல்ல: கேலக்ஸி வரைபடத்தில் பொதுச் சார்பியலைத் தேடுவது

கேலக்ஸிகளின் முப்பரிமாண வரைபடம் என்று நாம் பார்க்கும் படங்களில் இரண்டு பரிமாணங்கள்தான் நேரடியாக அளந்தவை. வானத்தில் எந்தத் திசை என்பதைத் தொலைநோக்கியே சொல்லிவிடும். தூரம் அப்படியல்ல. நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்து, அந்தச் செம்பெயர்ச்சி முழுக்கப் பிரபஞ்ச விரிவால் வந்தது என்று வைத்துக்கொண்டு, அதைத் தூரமாக மாற்றுகிறார்கள். அந்த ‘வைத்துக்கொண்டு’ என்ற சொல்லுக்குள்தான் நாம் பேசப்போகும் விஷயம் அடங்கியிருக்கிறது.

விரிவைத் தவிர கேலக்ஸிக்குச் சொந்த ஓட்டமும் உண்டு. அருகிலுள்ள பெருந்திரள் இழுப்பதால் நொடிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் அது நகர்ந்துகொண்டிருக்கும். நம்மிடமிருந்து விலகும் திசையில் நொடிக்கு 300 கி.மீ. என்றால், பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை (ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு நொடிக்கு) 70 கி.மீ. என்று கொண்டு கணக்கிடும்போது, வரைபடத்தில் அது உண்மையான இடத்திலிருந்து சுமார் 4 மெகாபார்செக், அதாவது 1.4 கோடி ஒளியாண்டு தள்ளிப் போய் உட்காரும். இந்தக் கோணலையே ஓர் அளவுகோலாக்கலாம் என்று 1987-ல் நிக் கைசர் காட்டினார். பெரிய அளவில் திரள்கள் பார்வைக்கோட்டின் வழியே நசுங்கித் தெரியும். கொத்துகளுக்குள்ளே நீண்ட விரல்களைப் போல இழுபட்டுத் தெரியும். இன்று நவீன அண்டவியலின் அன்றாடக் கருவிகளில் இதுவும் ஒன்று. இதில் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டியது, நசுங்கலும் நீட்சியும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி நடக்கின்றன என்பது.

பொதுச் சார்பியல் இதற்கு மேல் இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறது. ஈர்ப்புக் குழியிலிருந்து ஏறி வரும் ஒளி ஆற்றலை இழந்து சிவக்கும். இது ஈர்ப்புச் செம்பெயர்ச்சி. ஓடும் பொருளின் கடிகாரம் மெதுவாக ஓடுவதால், குறுக்கே ஓடும் கேலக்ஸியும் கொஞ்சம் சிவக்கும். நாம் பார்ப்பது ஒரே நொடியின் படமல்ல, தொலைவுக்கு ஏற்பப் பழசாகிக்கொண்டே போகும் ஒளிக்கூம்பு. வழியில் இருக்கும் பொருள் ஒளியை வளைத்துச் சில கேலக்ஸிகளைப் பிரகாசமாக்கும், சிலவற்றை மங்கலாக்கும். இவற்றையெல்லாம் சேர்த்து, ‘கேலக்ஸிகளை எண்ணினால் உண்மையில் என்ன கிடைக்கும்’ என்ற கேள்விக்கு ஜெயுல் யூவும் சகாக்களும் 2009-ல் முழுக் கணக்குப் போட முனைந்தார்கள். காமில் போன்வின், ரூத் டூரர் ஒரு பக்கமும், ஆன்டனி சாலினர், ஆன்டனி லூயிஸ் இன்னொரு பக்கமுமாக 2011-ல் தனித்தனியே நேரியல் சூத்திரத்தை எழுதி முடித்தார்கள். சூத்திரம் நீளமானது. அதில் எந்த உறுப்பைத் தரவிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதுதான் அதன்பின் வந்த ஆராய்ச்சியின் வேலையாக இருக்கிறது.

விளைவு மிகச் சிறியது, அதனால்தான் கண்டுபிடிக்கக் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 1960-ல் 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில் அளந்த ஈர்ப்புச் செம்பெயர்ச்சி 1,000 லட்சம் கோடியில் 2.5 பங்குதான். பெரிய கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருந்து வரும் ஒளியில் அது லட்சத்தில் 3 பங்கு வரை இருக்கலாம், அதாவது கோபுரத்தில் கண்டதைப் போல 1,000 கோடி மடங்குக்கும் மேல். கோபுரத்தில் ஒளி மூலம் ஆய்வாளரின் கையில் இருந்தது. வேண்டியபடி ஆட்டி, மேலும் கீழும் மாற்றி வைத்து, வேறு காரணங்களைக் கழித்துக் காட்டினார்கள். கேலக்ஸியை யாரும் கழற்றி மாட்ட முடியாது. இதே அளவில், இதே முகத்தோடு வரும் போலிகள்தான் இங்கே எதிரி.

முதலில் கொத்துகள், ஏனென்றால் குழி ஆழமாக இருப்பது அங்கேதான். கொத்தின் மையத்தில் பொதுவாக ஒரு மிகப் பிரகாசமான கேலக்ஸி அமர்ந்திருக்கும். மற்றவை குழியின் சரிவில் சற்று மேலே இருப்பதால், அதைவிடக் குறைவாகச் சிவக்கும். மையத்தை வைத்துப் பார்த்தால் சராசரியில் அவை நொடிக்கு 10 கி.மீ. அளவுக்கு நீலப்பெயர்ச்சி காட்ட வேண்டும். ஆனால் கொத்துக்குள் அவை நொடிக்கு 600 கி.மீ. சிதறலோடு கண்டபடி ஓடிக்கொண்டிருக்கின்றன. 600-ல் 10-ஐப் பார்க்க வேண்டுமென்றால், சராசரியின் பிழை 10-க்கு இறங்கவே 60-ன் வர்க்கம், 3,600 கேலக்ஸிகள் தேவை. மூன்று சிக்மா நம்பிக்கைக்கு, அதாவது சமிக்ஞை பிழையைப் போல் மூன்று மடங்கு இருப்பதற்கு, அதைப் போல் ஒன்பது மடங்கு, 32,400. முன்னும் பின்னும் இருந்துகொண்டு கொத்தைச் சேர்ந்ததுபோலத் தெரியும் வெளியாட்களையும் கழிக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் இன்னும் அதிகம் வேண்டும். ஒரு கொத்தில் இத்தனை கிடைக்காது. ஆகவே கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வோய்டாக், ஹான்சன், யோர்த் மூவரும் 2011-ல் ஸ்லோன் (SDSS) என்ற பெரிய கேலக்ஸி வான்கணிப்பின் 7,800 கொத்துகளை அடுக்கி, எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த அளவில் ஒரு நீலச் சரிவைக் காட்டினார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அடுத்த ஈராண்டில் வேலை வந்தது. ஓடும் கடிகாரம் மெதுவாவதால் வரும் குறுக்கு டாப்ளரைச் சேர்க்க வேண்டும் என்று ஷாவ், பீகாக், லீ சுட்டினார்கள். 600 கி.மீ. சிதறல் என்றால் மூன்று திசைகளையும் சேர்த்த வேக வர்க்கத்தின் பாதியை ஒளிவேகத்தால் வகுக்க, நொடிக்கு 1.8 கி.மீ. வரும், அதுவும் எதிர்த் திசையில், சிவப்புப் பக்கமாக. கைசர் அடுத்ததைச் சொன்னார். நாம் பார்ப்பது ஒளிக்கூம்பு என்பதால், நம்மை விட்டு விலகி ஓடும் கேலக்ஸிகள் எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாக அகப்படும். அதிலிருந்து இன்னொரு 1.2 கி.மீ. சிவப்பு. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. நம்மை நோக்கி ஓடும் கேலக்ஸியின் ஒளி சற்றுக் கூர்ந்து பிரகாசமாகத் தெரியும். வான்கணிப்பு குறிப்பிட்ட பிரகாசத்துக்கு மேற்பட்டவற்றைத்தான் எடுத்துக்கொள்ளும். எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கும் கேலக்ஸிகளில் நம்மை நோக்கி வருபவை உள்ளே நுழைந்துவிடும், விலகிப் போகிறவை வெளியே நின்றுவிடும். இது நீலப் பக்கம் இழுக்கும். ஆக, அளந்த 10-க்குள் ஈர்ப்பின் பங்கு எவ்வளவு என்பது, எந்தப் பிரகாசத்தில் வெட்டினோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது! ‘ஈர்ப்புச் செம்பெயர்ச்சியைக் கொத்துகளில் கண்டார்கள்’ என்ற ஒற்றை வரியை இந்தக் கழித்தல் கூட்டல் இல்லாமல் எழுதுவது சரியல்ல.

கொத்தை விட்டு வெளியே, பத்து மெகாபார்செக்குக்கு மேற்பட்ட இடைவெளிகளுக்கு வந்தால் மையம் என்று ஒன்று கிடையாது. அங்கே கைகொடுப்பது முன்னே சொன்ன சமச்சீர். வழக்கமான அடர்த்தியும் கைசர் நசுக்கலும் முன்-பின் பேதம் பார்ப்பதில்லை. ஈர்ப்புச் செம்பெயர்ச்சி பார்க்கும், ஏனென்றால் அது எப்போதும் நம்மிடமிருந்து விலக்கித்தான் தள்ளும். ஆகவே முன்-பின் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் பெரிய விளைவுகள் தாமாக அடிபட்டுப்போய், சிறியது மிஞ்ச வேண்டும்.

இதற்கு ஒரே வகைக் கேலக்ஸிகள் போதாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு செங்கற்களில் எது முதல், எது இரண்டாவது என்று கேட்க முடியாதல்லவா? ஜோடியில் முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் இடம் மாறினாலும் ஜோடி அதேதான், வித்தியாசம் சூன்யம். பிரகாசமானது ஒன்று, மங்கலானது ஒன்று என்று இரண்டு வகை வேண்டும். பிரகாசமானவை பெரும்பாலும் கனத்த திரள்களில், ஆழமான குழிகளில் இருக்கும். அவை கூடுதலாகச் சிவந்து, இருக்கும் இடத்தைவிடச் சற்றுத் தொலைவில் இருப்பதாக வரைபடத்தில் பதியும். அவற்றிலிருந்து பார்த்தால், சுற்றியுள்ள மங்கலான கூட்டம் கொஞ்சம் நம் பக்கமாகச் சரிந்திருக்கும். இந்தச் சரிவைத்தான், ஒரு வகையைச் சுற்றி மற்றது எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் குறுக்குத் தொடர்பின் ‘இருமுனை’ என்கிறார்கள். பேட்ரிக் மெக்டொனால்ட் 2009-ல் இதையே திறன் நிறமாலையின் (எந்த நீளத்தில் எவ்வளவு திரட்சி என்ற கணக்கு) கற்பனைப் பகுதியாக எழுதினார். போன்வின், ஹூய், கஸ்தானியாகா 2014-ல் இருமுனையாகவே அளக்கும் வழியைக் கொடுத்தார்கள்.

அளவு எப்படி வரும்? அண்டவியலாளர்கள் ஹபிள் மாறிலியை 100 என்று கொண்டு எழுதும் அலகில் ஒளிவேகத்தை அந்த மாறிலியால் வகுத்த ஹபிள் நீளம் சுமார் 3,000 மெகாபார்செக். நாம் பார்க்கும் இடைவெளி 30 என்றால், அடர்த்திச் சமிக்ஞையோடு ஒப்பிட இது நூறில் ஒரு பங்கு வரிசையில் இருக்கும். அதையும் இரு வகைகளும் அடர்த்தியைப் பின்பற்றுவதில் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். அந்த வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவாக இருப்பதே வழக்கம்.

கையால் செய்யும்போது இடறும் இடங்கள் இவை. முதலாவது, வகை பிரிப்பது. மொத்த மாதிரிக்கும் ஒரே பிரகாச எல்லையைப் போட்டால், தொலைவில் போகப்போகப் பிரகாசமானவை மட்டும் மிஞ்சி, இரண்டு வகைகளின் தொலைவுப் பரவல் வேறுவேறாகிவிடும். அந்தப் பரவல் வித்தியாசமே முன்-பின் பேதத்தை உண்டாக்கும். ஆகவே செம்பெயர்ச்சியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எல்லையைத் தனியாக வைத்து, இரண்டு வகையின் விகிதத்தை எல்லா இடத்திலும் ஒன்றாகக் காக்க வேண்டும். ஒப்பிடுவதற்காகப் புள்ளிகளைச் சீரற்றுத் தூவிச் செய்யும் சமவாய்ப்புப் பட்டியலும் வகைக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் போட்டு ஒப்பேற்றினால் பிறகு எதை அளந்தோம் என்றே தெரியாது.

இரண்டாவது, ஜோடி எண்ணும் நிரல். பல நிரல்கள் பார்வைக்கோட்டோடு ஜோடி ஆக்கும் கோணத்தின் கொசைனை 0-லிருந்து 1 வரை மட்டுமே பெட்டிகளாகப் பிரிக்கும், குறியைத் தூக்கி எறிந்துவிடும். சாதாரண வேலைக்கு அது போதும். இங்கே தேடும் பொருளே அந்தக் குறிதான். −1 முதல் +1 வரை முழுதாக வைத்து, எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு அம்பு போகிறது என்பதை ஒரே முறையாகக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் கிடைக்கும் தொடர்பின் மதிப்பைக் கொசைனாலும் பெட்டியின் அகலத்தாலும் பெருக்கிக் கூட்டி, மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இருமுனை கிடைக்கும். வகைகளை இடம் மாற்றினால் விடை அதே எண்ணாக, எதிர்க் குறியோடு வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை, மேலே போக வேண்டாம்.

மூன்றாவது, அகலக்கோண விளைவு. ஜோடியின் இரண்டு கேலக்ஸிகளுக்கும் பார்வைக்கோடு ஒன்றல்ல. இடையே சிறு கோணம் உண்டு. கோணத்தை அளக்க ஒரு கேலக்ஸியின் திசையை எடுத்தால், நடுப்புள்ளியை எடுத்ததைவிட வேறு இருமுனை வரும். அந்த வித்தியாசத்துக்கும் சார்பியலுக்கும் சம்பந்தமில்லை, அது வெறும் வடிவியல். அளவோ, இடைவெளியைத் தொலைவால் வகுத்த விகிதத்தில், தேடும் சமிக்ஞைக்குச் சமமாக இருக்கும். நல்ல வேளையாக இந்த வடிவியல் பகுதி நான்முனையோடு, அதாவது கைசர் நசுக்கல் தரும் முன்-பின் சமச்சீரான பகுதியோடு, பிணைந்தது. நான்முனையை அதே தரவில் அளந்து, தக்க பெருக்கலோடு கழித்துவிடலாம்.

இவற்றைவிட மோசமானது நிறமாலையிலேயே இருக்கிறது. பிரகாசமான சிவப்புக் கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சியை உறிஞ்சு கோடுகளை வைத்து எடுக்கிறார்கள். நட்சத்திரம் பிறக்கும் நீலக் கேலக்ஸிகளுக்கு உமிழ் கோடுகள். ஒப்பிட வைத்திருக்கும் இரண்டு மாதிரி நிறமாலைகளுக்கும் இடையில் நொடிக்கு 5 கி.மீ. நிலையான பிழை இருந்தால், ஒரு வகை முழுவதும் இன்னொன்றிலிருந்து நம் அலகில் 0.05 மெகாபார்செக் தள்ளிப் பதியும். அது பார்ப்பதற்கு ஈர்ப்புச் செம்பெயர்ச்சியேதான். இருமுனையில் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே உருவத்தில் வந்து நிற்கும். காற்றில் அளந்த அலைநீளத்துக்கும் வெற்றிடத்தில் அளந்ததற்கும் உள்ள வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நொடிக்குச் சுமார் 83 கி.மீ. இத்தகைய பெரிய தவறு யாரிடமும் இருக்காது, ஏனென்றால் உடனே தெரிந்துவிடும். 3, 4 கி.மீ. தவறுதான் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். நட்சத்திரப் பிறப்பால் வெளியேறும் வாயு கோடுகளை ஒரு பக்கமாக இழுப்பதும் இந்த ரகம். மையக் கருந்துளையால் ஒளிரும் தொலைவுக் கேலக்ஸிக் கருக்களான குவாசர்களின் அகலமான உமிழ் கோடுகளில் நிலைமை இன்னும் கைமீறியது. அவற்றை, வழியில் உள்ள ஹைட்ரஜன் விடும் உறிஞ்சு கோடுகளின் கூட்டமான லைமன்-ஆல்ஃபா காட்டோடு சேர்த்து அளக்கும் ஆய்வுகளில் செம்பெயர்ச்சித் தள்ளலையே தெரியாத எண்ணாக விட்டுப் பொருத்துவது வழக்கம். ஆகவே இந்த வேலைக்குக் குவாசர் ஏற்றதல்ல. ஒரே வகை நிறமாலை கொண்ட கேலக்ஸிகளைப் பிரகாசத்தால் மட்டும் பிரிப்பது, சமிக்ஞை கொஞ்சம் குறைந்தாலும், பாதுகாப்பானது.

கிடைத்தது என்ன? ஷடாப் ஆலமும் சகாக்களும் 2017-ல் ஸ்லோனின் ஒரு பகுதியான பாஸ் (BOSS) வான்கணிப்பில் உள்ள சிமாஸ் (CMASS) என்ற தொகுப்பின் கேலக்ஸிகளை இரண்டாகப் பிரித்து, சுமார் 10 மெகாபார்செக் அளவில் முன்-பின் சமச்சீரின்மையை 2.7 சிக்மாவில் பார்த்தார்கள். இருமுனையாக எடுத்தால் 2.8. அளக்கும் விவரங்களை மாற்றினால் அது 0.5 வரை ஏறி இறங்குகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். பெரிய இடைவெளிகளில் அதே பாஸ் தரவை வைத்துக் கஸ்தானியாகா, போன்வின், ஹூய் அளந்தபோது, அகலக்கோணத்தால் வரும் வடிவியல் இருமுனை தெரிந்தது. சார்பியலுடையது இரைச்சலுக்கு மேலே எழவில்லை. இரண்டுக்கும் முரண் இல்லை, அளவுகள் வேறு. 2.7 சிக்மா முதல் அறிகுறிதான், அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதக்கூடாது. சமிக்ஞை இருக்கக்கூடாத இடத்தில் பூஜ்யம்தான் வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளைக் கடந்த அறிகுறி என்பதால் அதைத் தள்ளிவிடவும் முடியாது.

பெரிய அளவில் சமிக்ஞை ஏன் இவ்வளவு மெலிகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுச் சூத்திரத்தில் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி உறுப்போடு, கேலக்ஸியின் முடுக்கத்தைக் கொண்ட ஓர் உறுப்பும், வேகத்தைக் கொண்ட ஓர் உறுப்பும் சேர்ந்து வருகின்றன. கேலக்ஸி தன் ஈர்ப்புக் குழியில் வேறு எந்த விசையும் இல்லாமல் விழுகிறது என்றால், இந்த மூன்றும் ஒன்றையொன்று முழுக்க அடித்துவிடும். மிஞ்சுவது வேகத்தோடு சேர்ந்த டாப்ளர் உறுப்புகள் மட்டும். அதாவது பல பத்து மெகாபார்செக் அளவில் இருமுனையைக் கண்டுவிட்டால், கண்டது ஈர்ப்புச் செம்பெயர்ச்சி என்று நேராகச் சொல்ல முடியாது. சுமார் 30 மெகாபார்செக்குக்குக் கீழே வந்தால்தான் திரளின் சொந்தக் குழி மேலோங்கி, இருமுனையின் குறியே மாறத் தொடங்கும்.

இந்த அடிபடலை நஷ்டம் என்று பார்க்க வேண்டியதில்லை. அது சமானக் கொள்கையின் விளைவு: எல்லாப் பொருளும் ஈர்ப்பில் ஒரே மாதிரி விழும் என்ற கலீலியோ காலத்து விதி. அணுக்களுக்கு அது சோதிக்கப்பட்டிருக்கிறது. கேலக்ஸியின் எடையில் பெரும்பங்கான இருண்ட பொருளுக்கு இந்த அளவுகளில் நேராகச் சோதிக்கப்படவில்லை. இருண்ட பொருளுக்கு மட்டும் ஐந்தாவது விசை ஒன்று இருந்தால் மூன்று உறுப்புகளும் சரியாக அடிபடாது, இருமுனை கணித்ததிலிருந்து விலகும். நான்முனை வேகத்தைச் சொல்கிறது, இருமுனை குழியின் ஆழத்தை உள்ளே கொண்டுவருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விழும் வேகமும் குழியின் ஆழமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். வழக்கமான செம்பெயர்ச்சிக் கோணலை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அதைக்கொண்டு மட்டும் இதைச் செய்ய முடியாது. இத்தனை சிரமத்துக்கும் உண்மையான காரணம் இதுதான் என்பேன்.

பிரபஞ்ச விளிம்பளவு நீளங்களில் வேறு சார்பியல் உறுப்புகள் வளர்ந்து தெரியும். ஆனால் அந்த நீளத்தில் நமக்கு இருக்கும் பிரபஞ்சம் ஒன்றே ஒன்று, எண்ணுவதற்குச் சில அலைகள்தான். ஆரம்பப் பிரபஞ்சத்தின் காஸியனல்லாத (மணி வடிவப் பரவலிலிருந்து விலகிய) ஏற்ற இறக்கமும் அதே வடிவத்தில் தோன்றும். ஒளி வளைவால் வரும் பிரகாச மாற்றம் மட்டும் இவற்றில் பழைய வெற்றி: 2005-லேயே ஸ்லோன் தரவில் தொலைவுக் குவாசர்களையும் முன்னே உள்ள கேலக்ஸிகளையும் சேர்த்து அதைத் தெளிவாகக் கண்டார்கள்.

இப்போது எதிர்பார்ப்பு முழுவதும் டெசி (DESI) என்ற வான்கணிப்புக் கருவியின் மேல். அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5,000 இழைகளை 5,000 குட்டி ரோபோக்கள் ஒரே நேரத்தில் கேலக்ஸிகளின் மேல் நிறுத்துகின்றன. அதன் பிரகாசக் கேலக்ஸிக் கணிப்பின் இலக்கு அருகிலுள்ள 1 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள். போன்வினும் சகாக்களும் சார்பியல் ஈர்ப்பை உள்ளே வைத்து ஓட்டிய உருவகப்படுத்தலில் அந்தக் கணிப்பைப் போன்ற போலிப் பட்டியலைச் செய்து பார்த்தபோது, செம்பெயர்ச்சி 0.2 முதல் 0.3 வரையிலான துண்டில் மட்டும் 19 சிக்மா வரை வரலாம் என்று கண்டார்கள். சரிபாதியாகப் பிரித்ததில் அது வரவில்லை. இரண்டு வகைகளிலும் சமமற்ற எண்ணிக்கை வைத்துப் பிரித்தபோது வந்தது.

இன்னும் அருகே வந்தால் இதைவிடக் கூடும் என்பதும் அவர்கள் கணிப்பு. டாப்ளர் உறுப்பில் ஒரு பகுதி தொலைவால் வகுபடுகிறது, ஆகவே கிட்ட வரவர வளரும். ஆனால் அகலக்கோண விளைவையும் அதே தொலைவுதான் வகுக்கிறது. செம்பெயர்ச்சி 0.1-க்குக் கீழே சமிக்ஞை எவ்வளவு தடித்துத் தெரிகிறதோ, கழிக்க வேண்டிய வடிவியலும் அவ்வளவு தடித்து நிற்கும். போதாததற்கு, வானத்தின் அந்த அருகாமைப் பகுதியில் நமக்கு இருக்கும் கனஅளவும் சிறியது.